குளிசையை நிறுத்தி ஒன்பது நாள், மண்டைக்குள் கரண்ட் அடிக்கிறது. பழைய வருத்தம் திரும்பி வருகிறதா?

தையல்காரி (விசுவமடு)

வணக்கம். வீட்டில் இதைக் கேட்க ஆளில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2020இல் எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. ஒன்றரை மாதத்துக்குள் சாப்பாடு, கதை, குளிப்பு எல்லாம் விட்டுப்போய்விட்டது. பிள்ளை அழுவது காதில் கேட்கும், ஆனால் எழும்ப வராது. பிள்ளைக்கு நிறை பார்க்க வந்த குடும்பநல மாதுதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கிழமையே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனவ. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வுக் குளிசை தந்தார்கள், முதலில் 50 மில்லிகிராம், பிறகு 100. அந்தக் குளிசை என்னை எழுப்பி இருத்தியது, அதை நான் எங்கேயும் மறுக்கமாட்டேன்.

ஐந்து வருடம் போட்டாயிற்று. இப்போது நல்லாக இருக்கிறேன், தையலும் ஓடுகிறது, குறைத்துப் பார்ப்போமா என்று நானே கேட்டேன். 100இலிருந்து 50 ஆக்கி இரண்டு மாதம், ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் போனபோது கிளினிக்கில் புது டொக்டர். சனம் நிரம்பி வழிந்தது, அவருக்கு என் கொப்பியைப் புரட்டிப் பார்க்கவே நேரமில்லை. 25 இரண்டு கிழமை போடுங்கள், பிறகு நிறுத்துங்கள் என்று எழுதித் தந்துவிட்டார். அப்படியே செய்தேன்.

நிறுத்தி மூன்றாம் நாள் தொடங்கியது. மெசினில் இருந்து தைக்கும்போது ஊசியைப் பார்த்த கண்ணைப் பக்கத்தில் கிடக்கும் துணிக்குத் திருப்பினால், மண்டைக்குள் ‘சுர்ர்’ என்று ஒரு கரண்ட். ஒரு நொடிதான், உடனே போய்விடும், ஆனால் கை நின்றுவிடும். ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிக்கிறதுக்குள் இருபது தரம் வந்துவிட்டது. கூடவே தலைச்சுற்று, ஓங்காளம். ஒன்றுமில்லாததற்கு அழுகை. மூத்தவன் சப்பாத்தை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடியதற்கு அவனைக் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் விட மோசம் கனவு. 2009இல், போர் நேரம், எனக்குப் பதினேழு வயது. நான் என்ன பார்த்தேன் என்று இங்கே எழுதவேண்டியதில்லை, இங்கே இருக்கிற பலருக்குத் தெரியும். பத்து வருடத்துக்கு மேல் வராத பங்கர், நாங்கள் பதுங்கிய குழி, இப்போது ஒவ்வொரு இரவும் வருகிறது, மண் வாசத்தோடு வருகிறது. விடியப்புறம் எழும்பி பிள்ளைகள் இரண்டும் மூச்சு விடுகிறார்களா என்று கை வைத்துப் பார்க்கிறேன்.

மாமி சொல்கிறா, அந்தக் குளிசை உன்னை அடிமையாக்கிவிட்டது, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று. எனக்கோ பழைய வருத்தம் திரும்பி வருகிறது என்று பயம். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் பதினெட்டு நாள். மிச்சக் குளிசை ஒரு அட்டை வீட்டில் இருக்கிறது. திரும்பப் போடவா, பொறுக்கவா?

முரசுமோட்டை

தங்கச்சி, அந்தக் ‘சுர்ர்’ எனக்குத் தெரியும். நீங்கள் எழுதியதை வாசித்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன், இதைத்தானே நான் அப்போது சொன்னேன் என்று.

என்னுடையது வென்லாஃபக்சின், அதுவும் மனச்சோர்வுக் குளிசைதான். 2022 ஆனி மாதம், நினைவிருக்கும்தானே, பெற்றோல் இல்லை, மருந்தும் இல்லை. கிளினிக்கில் வெளியே வாங்கச் சொல்லி எழுதித் தந்தார்கள். கிளிநொச்சி ரவுன் முழுக்கச் சைக்கிளில் போய் ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன், ஒன்றிலும் இல்லை. சரி, நாலு நாள் போடாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

முதல் நாள் காலையில் போடவில்லை, அடுத்த நாள் பின்னேரம் வயலில் வரம்பில் நடக்கிறேன், வரம்பு வள்ளம் மாதிரி ஆடுகிறது. குந்தி இருந்துவிட்டேன். சத்தி, வேர்வை, தலையைத் திருப்பினால் கரண்ட். வெயில் பட்டுவிட்டது என்று இளநீர் வெட்டித் தந்தார்கள், அதுவும் சத்தியாகப் போயிற்று. மூன்றாம் நாள் நான் சின்னப் பிள்ளை போல விம்மி அழுததை என் மகள் பார்த்தாள். எனக்கு விசர் முற்றிவிட்டது என்றுதான் அன்றிரவு நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற தம்பி எங்கேயோ தேடி ஒரு அட்டை வாங்கி, கடித உறைக்குள் போட்டு ஒட்டி, பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினான். பரந்தன் சந்தியில் நின்று வாங்கினேன். அந்த இடத்திலேயே ஒன்றைப் போட்டேன். அடுத்த நாள் மத்தியானம் நான் பழைய ஆள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, வந்தது வருத்தம் இல்லை, மருந்து இல்லாத குறை என்று. என் வருத்தம் ஒரு நாளில் மாறுகிற வருத்தம் இல்லை. அது முதல் வந்தபோது மருந்து போட்டு ஒரு மாதத்துக்குப் பிறகுதான் மனிதனாக வெளியே வந்தேன்.

பிறகு 2024இல் முறையாக நிறுத்தினேன். டொக்டர் முதலில் ஃபுளுவொக்ஸெடின் என்ற இன்னொரு மனச்சோர்வுக் குளிசைக்கு மாற்றி, அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். மொத்தம் ஏழு மாதம் போனது. இடையில் இரண்டு தரம் ‘இப்போது வேண்டாம், இந்த அளவிலேயே நிற்போம்’ என்று நின்றோம், ஒன்று காலபோக வெட்டு நேரம், மற்றது அம்மா செத்த நேரம். அவசரப்படவில்லை. அவசரப்படாததுதான் சரி.

பதினெட்டு நாள் பொறுக்கவேண்டாம். கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று சட்டமில்லை. கொப்பியைக் கொண்டு நாளைக்கே போங்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர் (வவுனியா)

பிள்ளை, உங்களைப் பார்க்காமல் இத்தனை மில்லிகிராம் போடுங்கள் என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் முப்பது வருடம் மருந்துச் சன்னலுக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில், நடப்பது என்ன என்று சொல்லலாம். தெரிந்தால் பயம் பாதி குறையும்.

முதலில் மாமி சொல்வது. இது அடிமைத்தனம் இல்லை. அடிமை என்றால் இன்னும் கூடப் போடவேண்டும் என்று மனம் தேடும், அளவு ஏறிக்கொண்டே போகும். உங்களுக்கு அப்படி இல்லை. ஐந்து வருடம் மூளை அந்த மருந்தோடு ஒத்துப்போய்த் தன்னை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. அதைச் சடாரென்று எடுத்தால் திரும்ப ஒழுங்குக்கு வர அதற்கு நாள் வேண்டும். அந்த இடைவெளிதான் உங்களுக்குத் தலைச்சுற்றாகவும் கரண்டாகவும் தெரிகிறது.

வருத்தம் திரும்புவதையும் இதையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. எப்போது தொடங்கியது என்று பாருங்கள். மருந்து குறைந்து சில நாளுக்குள் வந்தால் பெரும்பாலும் இது. பழைய வருத்தம் பொதுவாகக் கிழமைகள், மாதங்கள் கழித்து மெதுவாக வரும். அடுத்தது, முன்பு உங்களிடம் இல்லாத குணங்குறிகள். 2020இல் உங்களுக்குக் கரண்ட் அடித்ததா? ஓங்காளம் இருந்ததா? இல்லைத்தானே. முரசுமோட்டைத் தம்பி சொன்னதும் முக்கியம்: மருந்தைத் திரும்பப் போட்டு ஓரிரண்டு நாளில் விட்டுப்போனால் அது நிறுத்தியதால் வந்ததுதான். கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது அந்தக் கரண்ட் வருவதும் பலர் சொல்கிற விஷயம், உங்கள் தையல் வேலையே அப்படிப்பட்ட வேலை.

கனவைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். இந்த வகை மருந்துகள் கனவு காணும் நித்திரையை அமுக்கி வைத்திருக்கும். நிறுத்தினால் அமுக்கியது துள்ளி எழும்பும், கனவு கூடும், நிறமும் மணமுமாக வரும். லண்டனில் இருப்பவனுக்கு அதில் ரயில் தவறும், பரீட்சை வரும். எங்கள் பிள்ளைகளுக்குப் பங்கர் வருகிறது. மூளை தன்னிடம் இருக்கிற சாமானைத்தான் எடுத்துக் காட்டும். அதற்காக 2009 உங்களுக்குள் புதிதாக உடைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். ஆனால் அளவைச் சரிசெய்து சில கிழமை போன பிறகும் அதே கனவு நின்று, பகலிலும் அந்தக் காட்சிகள் வந்தால், அது தனியாகக் கவனிக்கவேண்டிய விஷயம். அதை டொக்டரிடமும் உளவளத்துணையாளரிடமும் வாய்திறந்து சொல்லுங்கள், மருந்துக் கணக்குக்குள் மறைத்துவிடாதீர்கள்.

இனி, 100இலிருந்து 50க்கு வந்தபோது ஒன்றும் தெரியாமல் 25இலிருந்து ஒன்றுமில்லாமல் போனபோது ஏன் இப்படி? கஞ்சிக்கு உப்புப் போடுவதை நினையுங்கள். முதல் சிட்டிகைதான் கஞ்சியின் ருசியையே மாற்றும், நாலாவது சிட்டிகை பெரிதாகத் தெரியாது. எடுக்கும்போதும் அப்படித்தான், கடைசிச் சிட்டிகையை எடுத்தால்தான் வாய்க்குத் தெரியும். செர்ட்ராலின் 50 மில்லிகிராமிலேயே மூளையில் அது பிடிக்கவேண்டிய இடத்தில் ஏறக்குறைய 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. 100 போட்டால் கொஞ்சம்தான் கூடும். ஆனால் 25இலிருந்து பூச்சியத்துக்குக் குதித்தால் பாதிக்கு மேல் ஒரே படியில் விழுகிறது. லண்டனில் ஹொரோவிட்ஸ், டெய்லர் என்ற இரண்டு பேர் 2019இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’ இதழில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: கீழே போகப் போகப் படி சின்னதாக இருக்கவேண்டும், கடைசிப் படி எல்லாவற்றையும் விடச் சின்னதாக இருக்கவேண்டும். இங்கிலாந்து அரச மனநல மருத்துவர் கல்லூரி 2020இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. நாங்கள் படித்த காலத்தில் இரண்டு கிழமை, நாலு கிழமை என்றுதான் சொல்லித் தந்தார்கள், அதனால் உங்கள் டொக்டர் எழுதியதை நான் அதிசயமாகப் பார்க்கவில்லை. ஆனால் ஐந்து வருடம் போட்ட ஒருவருக்கு அது காணாது.

நிறுத்துகிற எல்லோருக்கும் இப்படி வரும் என்றும் பயப்படுத்தக்கூடாது. 2024இல் 79 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நிறுத்தியவர்களில் 100க்கு 31 பேருக்கு ஏதோ ஒரு குணங்குறி வந்திருக்கிறது, மருந்தே இல்லாத வெறும் குளிசையை நிறுத்தியவர்களிலும் 17 பேருக்கு வந்திருக்கிறது. கடுமையாக வந்தது ஏறக்குறைய 3 பேருக்கு. அந்த ஆய்வுகள் பலவற்றில் மருந்து போட்ட காலம் குறைவு, உங்களுடையது நீண்ட காலம் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

ஒரு பிழையான வழியைச் சொல்லிவிடுகிறேன், சனம் தானாகச் செய்கிறது: ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது. செர்ட்ராலின் ஏறக்குறைய ஒரு நாளில் உடம்பில் பாதியாகிவிடும், இரண்டாம் நாள் கால்வாசிதான் இருக்கும், ஆகவே மூளை ஒவ்வொரு இரண்டு நாளும் ஏறி இறங்கும். ஃபுளுவொக்ஸெடின் மட்டும் வேறு, அது நாட்கணக்காக, கிழமைக்கணக்காக நின்று மெதுவாக இறங்கும், அதனால்தான் தம்பிக்கு அதை மாற்றிக் கொடுத்தார்கள். இன்னொன்று, எல்லாக் குளிசையையும் வெட்டக்கூடாது. மெதுவாகக் கரையச் செய்யப்பட்டவற்றை வெட்டினால், நசித்தால் மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். உங்கள் குளிசையை வெட்டலாமா என்று தருகிற மருந்தாளரிடம் கேளுங்கள். கேட்கிறவர்களை எங்களுக்குப் பிடிக்கும்.

சாகவேண்டும் என்ற நினைப்பு, பிள்ளைகளுக்கு ஏதும் செய்துவிடுவேனோ என்ற நினைப்பு, இரண்டு மூன்று நாளாக நித்திரையே இல்லை, இப்படி ஒன்று வந்தால் கிளினிக் நாள் பார்க்கவேண்டாம், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசில்லை. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், அதில் கதைக்கலாம்.

பாலைமரம் (மாங்குளம்)

எல்லோரும் நிறுத்துகிற கதையையே சொல்கிறீர்கள், நான் மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும்.

என் அண்ணா 2023இல் நிறுத்தினார். சொந்தக்காரர் தந்த கரைச்சல்தான், ‘இன்னும் அந்த விசர்க்குளிசை போடுகிறாயா’ என்று ஒவ்வொரு கலியாண வீட்டிலும் கேட்டுக் கேட்டு. அவருக்குத் தலைச்சுற்றும் வரவில்லை, கரண்டும் அடிக்கவில்லை. நாங்கள் சந்தோசப்பட்டோம். இரண்டரை மாதம் கழித்துத்தான் பார்த்தோம், சவரம் எடுப்பது நின்றுவிட்டது, குளத்துக்குக் குளிக்கப் போவது நின்றுவிட்டது, ஆட்டுக்குக் குழை வெட்டப் போனவர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறார். அது வருத்தம். சத்தம் போடாமல் வந்தது.

இப்போது திரும்பப் போடுகிறார், நல்லாக இருக்கிறார், வாழ்நாள் முழுக்கப் போட்டாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா, உங்களுக்கு நிறுத்தவேண்டும் என்று மனதில் இருந்தால் நிறுத்துங்கள். மாமிக்காக நிறுத்தாதீர்கள்.

ஓய்வுபெற்ற மருந்தாளர் (வவுனியா)

பாலைமரம் சொன்னது சரி. இங்கிலாந்தில் நல்லாக இருந்த நீண்டகால நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வொன்று 2021இல் வந்தது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் 39 சதவீதம் பேருக்கு வருத்தம் திரும்பியது, குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு. நிறுத்தினால் ஆபத்துக் கூடும், ஆனால் நிறுத்தியவர்களிலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் நல்லாகத்தான் இருந்தார்கள். இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கவேண்டும்.

தையல்காரி (விசுவமடு)

எல்லோருக்கும் நன்றி. வாசிக்கும்போது அழுதுவிட்டேன், இந்த முறை காரணத்தோடு. சாகிற நினைப்பு ஒன்றும் இல்லை, பயப்படவேண்டாம். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். போய் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை, அங்கே போனால் எனக்கு வாய் வராது.

முரசுமோட்டை

சொல்லவேண்டாம், எழுதிக்கொண்டு போங்கள். எந்தத் திகதி எத்தனை போட்டீர்கள், எந்தத் திகதி நிறுத்தினீர்கள், எந்த நாளில் என்ன வந்தது. பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு ஒற்றை போதும். நான் அப்படித்தான் நீட்டினேன், டொக்டர் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார், அன்றைக்குத்தான் முதல்தரம் என் முகத்தைப் பார்த்தார்.

அதுவரைக்கும் மோட்டார்சைக்கிள் ஓடவேண்டாம். கிணற்றில் அள்ளும்போது கவனம், துலாவை அண்ணாந்து பார்த்தால் எனக்குச் சுற்றும். கண்ணை மட்டும் திருப்பாமல் முழுத் தலையையும் மெதுவாகத் திருப்பினால் கரண்ட் கொஞ்சம் குறையும், எனக்குக் குறைந்தது. இஞ்சி போட்ட வெறும் தேத்தண்ணி ஓங்காளத்துக்கு உதவியது. வேறு வித்தை ஒன்றும் என்னிடம் இல்லை.

தையல்காரி (விசுவமடு)

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். சொல்லாமல் போய்விட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

அன்றைக்குப் போனேன். வேறு டொக்டர், ஒரு பெண்பிள்ளை, என்னை விட இளையவ. ஒற்றையை நீட்டினேன். இரண்டு தரம் வாசித்தா. கரண்டைப் பற்றி எழுதிய இடத்தில் விரலை வைத்து, ‘இது எத்தனை தரம்?’ என்று கேட்டா. ஒரு சட்டைக் கைக்கு இருபது என்றேன். 25ஐத் திரும்பப் போட்டு ஆறு கிழமை அப்படியே நிற்கச் சொன்னா, பிறகு பாதி, பிறகு கால், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மாதம், முடியாவிட்டால் அங்கேயே நிற்கலாம், திரும்ப ஒரு படி ஏறினாலும் அது தோல்வி இல்லை என்று சொல்லி, கொப்பியில் திகதியோடு எழுதித் தந்தா, அடுத்த முறை வேறு யார் இருந்தாலும் பார்க்கட்டும் என்று.

போட்டு இரண்டாம் நாள் கரண்ட் குறைந்தது, நாலாம் நாள் இல்லை. அழுகையும் நின்றுவிட்டது. கனவு உடனே போகவில்லை, மூன்று கிழமை எடுத்தது. இப்போதும் கிழமைக்கு ஒன்று வருகிறது. ஐயா சொன்னபடி அதைத் தனியாகச் சொன்னேன், உளவளத்துணையாளரிடம் விட்டார்கள், இரண்டு தரம் போய்விட்டேன். பதினேழு வயதில் நடந்ததை ஒரு ஆள் முன்னால் இருந்து முழுக்கக் கேட்டது எனக்கு இதுதான் முதல்தரம்.

மாமியை அடுத்த முறை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரிடம் ‘இவ எப்ப முழுக்க விடுவா?’ என்று கேட்டா. ‘அவசரமில்லை அம்மா’ என்று சொன்னா. வரும்போது பஸ்ஸில் மாமி ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, குளிசை வைக்கிற ரின் சாப்பாட்டு மேசையில் கிடந்ததை எடுத்து, பிள்ளைகளுக்கு எட்டாமல் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டா.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தைக்கவேண்டிய சட்டைகள் நிறையக் கிடக்கின்றன, அது முடியும்வரை அளவை மாற்றவில்லை. பாதிக் குளிசைக்கு இறங்குவது பொங்கலுக்குப் பிறகுதான். என்னிடம் நூல் வெட்டுகிற புது பிளேட் இருக்கிறது, ஐயா, 25ஐ அதால் வெட்டினால் சரியாக நடுவில் பிளக்குமா, அல்லது வெட்டுவதற்கென்று ஏதும் விற்கிறார்களா?

ஓய்வுபெற்ற மருந்தாளர் (வவுனியா)

மருந்துக்கடையில் குளிசை வெட்டி என்று கேளுங்கள், சின்னப் பெட்டி, உள்ளே பிளேட் இருக்கும். கிடைக்காவிட்டால் உங்கள் பிளேட்டே போதும், குளிசையின் கோட்டில் வைத்து ஒரே அழுத்து, அறுக்கவேண்டாம். ஒரு பாதி கொஞ்சம் பெரிதாக வந்தால் அடுத்த நாள் சின்னப் பாதியைப் போடுங்கள், சமமாகிவிடும். ஒரேயடியாக எல்லாவற்றையும் வெட்டி வைக்காதீர்கள், இந்த வெக்கைக்கும் ஈரத்துக்கும் உதிர்ந்துபோகும்.